கெப் ஏன் மேடு ஏற மறுக்கிறது?



கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது. கொழும்பிலிருந்து வருகிற வாகனம் கடுகண்ணாவை ஏற்றத்தைத் தாண்டித்தான் பேராதனைக்கு வந்து சேரும். நகருக்கு வந்த பிறகும் ஏற்றம் விடாது. ஹந்தானைக்குப் போனாலும் மேடு, கலஹா வழியாகத் தெல்தோட்டைக்குப் போனாலும் மேடு, கம்பளை, புசல்லாவை, ரம்பொடை என்று நுவரெலியாவுக்குப் போனாலும் மேடுதான். மரக்கறி ஏற்றும் பட்டா லொறி, கொழுந்து ஏற்றும் லொறி, பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுபோகும் வேன், தோட்டத்துக்கு உரமூட்டை சுமக்கும் கெப் எல்லாம் நாள்தோறும் இந்த மேடுகளில்தான் ஏறி இறங்குகின்றன.

இந்தப் பக்கத்துக் கராஜ்களில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. "சமதரையில நல்லாத்தான் ஓடுது பாஸ், மேட்டுல இழுக்க மாட்டேங்குது!" பழைய வாகனம் வாங்கியவர்கள்தான் பெரும்பாலும் இப்படிச் சொல்லிக்கொண்டு வருவார்கள். அதே எஞ்சின், அதே டீசல், அதே சாரதி. அப்படியிருக்க, சமதரையில் இல்லாத குறை மேட்டில் மட்டும் எங்கிருந்து வருகிறது?

மேடு எவ்வளவு கேட்கிறது?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏற்றிய சாமானோடு சேர்த்து 2,000 கிலோ எடையுள்ள ஒரு கெப் நல்ல தார் வீதியில், சமதரையில், மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். ரயர் உருளும்போது ஏற்படும் தடையும் எதிர்க்காற்றும் அதைப் பின்னுக்கு இழுக்கும். இரண்டையும் சேர்த்தால் ஏறத்தாழ 40 கிலோ எடையைத் தூக்குவதற்கு வேண்டிய விசைதான்.

இப்போது அதே கெப், 10 மீற்றர் போனால் 1 மீற்றர் உயரும் மேட்டில் ஏறுகிறது. புவியீர்ப்பு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கைப் பின்பக்கமாக இழுக்கும். அது 200 கிலோ. முன்பிருந்த 40 கிலோவையும் சேர்த்தால் 240 கிலோ. ஆறு மடங்கு!

இதை வலுவாக மாற்றினால் இன்னும் தெளிவாகும். சமதரையில் அந்த வேகத்தில் போக ஏறத்தாழ 5 குதிரைவலு போதும். அதே வேகத்தில் மேடு ஏற 32 குதிரைவலு வேண்டும். ஒரு குதிரைவலு என்பது 746 வாற்று.

புதிதாக இருந்தபோது 80 குதிரைவலு கொடுத்த எஞ்சின் பழசாகி, பழுதாகி, இப்போது 25 மட்டும் கொடுக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். சமதரையில் அதற்கு ஒரு கஷ்டமும் இல்லை. 5 கேட்கும் இடத்தில் 25 இருக்கிறதே! சாரதிக்கும் ஒன்றும் தெரியாது. கடுகண்ணாவைக்கு வந்ததும் 32 கேட்கும்போதுதான் வேகம் விழுகிறது, கியரைக் குறைக்க வேண்டியிருக்கிறது, பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடிக்கிறார்கள்.

ஆக, பழுது மேட்டில் பிறப்பதில்லை. அது ஏற்கெனவே இருக்கிறது. மேடு அதை வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான்.

மலையோடு பழகிய பொறியியலாளர்கள்

மேட்டின் இந்தக் கணக்கை நம் மலைநாட்டு வீதிகளிலேயே காணலாம். கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் வழியில் '18 வளைவு' என்று பெயர்பெற்ற வீதிப் பகுதி இருக்கிறது. மலையில் நேராக வீதி போட்டிருந்தால் தூரம் குறைந்திருக்கும், ஆனால் சரிவு செங்குத்தாகிவிடும். அதனால் வீதியை வளைத்து வளைத்து நீட்டினார்கள். ஏறும் உயரம் மாறவில்லை. ஓடும் தூரம் கூடியதால், ஒவ்வொரு மீற்றருக்கும் வேண்டிய விசை குறைந்துவிட்டது.

கண்டிக்கு ரயில் வந்தது 1867ஆம் ஆண்டில். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் எளிதாக வழுக்கும் என்பதால் ரயில் பாதைக்குச் சரிவு இன்னும் மெதுவாக இருக்க வேண்டும். கடுகண்ணாவைச் சரிவில் ஏறத்தாழ 45 அடி ஓடினால் 1 அடிதான் உயரும். அதற்கே நீராவி ரயில்களுக்கு ரம்புக்கணையில் இன்னொரு எஞ்சினையும் சேர்த்து அனுப்பினார்கள்.

எஞ்சினுக்கு வேண்டியவை

மலைப்பக்கத்து வேலை வாகனங்களில் பல டீசலில் ஓடுபவை. ருடோல்ஃப் டீசல் என்ற ஜேர்மன் பொறியியலாளர் 1897இல் இந்த வகை எஞ்சினை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். இதில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை இறுக்கி அமுக்கும்போது அது 500 பாகை செல்சியசுக்கும் மேலே சூடாகிவிடும். அந்தச் சூட்டில் டீசலைத் தூவினால் தானாகவே எரியும்.

அப்படியென்றால் வலு பிறக்க மூன்று வேண்டும்: போதிய காற்று, போதிய டீசல், நல்ல அமுக்கம். பிறந்த வலு கிளச், கியர் வழியாகக் குறையாமல் சக்கரத்துக்குப் போகவும் வேண்டும். இந்த வழியில் ஏதோ ஓரிடத்தில்தான் குறை இருக்கும். அதைத் தேடிப் பிடிப்பதுதான் கராஜ் பாஸ் செய்யும் வேலை. கையில் ஸ்பனரை எடுப்பதற்கு முன் அவர் கண்ணாலும் காதாலும் மூக்காலும் வேலை செய்கிறார்.

கறுப்புப் புகை வந்தால்

ஒரு லீற்றர் டீசல் முழுதாக எரிய ஏறத்தாழ 10,000 லீற்றர் காற்று வேண்டும். இது பலருக்கும் தெரியாத கணக்கு. அவ்வளவு காற்றும் எயார் ஃபில்டர் வழியாகத்தான் உள்ளே போகிறது. தோட்டத்து மண்பாதையில் ஓடும் கெப்பின் ஃபில்டர் தூசியால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு நடந்து பாருங்கள், சிரமம் தெரியாது. அப்படியே பத்துப் படிக்கட்டை ஓடி ஏறுங்கள், மூச்சு முட்டும். எஞ்சினுக்கும் அதே நிலைமைதான். காற்று குறைந்தால் டீசல் அரைகுறையாக எரிந்து கரியாகி, கறுப்புப் புகையாக வெளியே வரும். காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டேர்போ உள்ள வாகனத்தில், அந்தக் காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய் வெடித்திருந்தாலும் இதே அறிகுறிதான்.

புகையே இல்லாமல் திணறினால்

அப்போது டீசல் போதவில்லையோ என்று சந்தேகப்பட வேண்டும். டாங்கியின் அடியில் காலப்போக்கில் துருவும் அழுக்கும் சேரும். டீசலை விடத் தண்ணீர் கனமானது. கலந்துவிட்டால் அடியில் தங்கும். இவையெல்லாம் டீசல் ஃபில்டரை அடைக்கும். பாதி அடைத்த ஃபில்டர் சமதரைக்கு வேண்டிய கொஞ்ச டீசலை விட்டுக்கொடுக்கும், மேடு கேட்கும் அளவை விடாது. டாங்கியில் டீசல் குறைவாக இருந்தால் மேட்டில் அது பின்பக்கமாகச் சரிந்து ஓடும். உறிஞ்சும் குழாய் முன்பக்கம் இருந்தால் டீசலுக்குப் பதில் காற்றை இழுக்கும். அதனால் பாஸ் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "டாங்கியில் எவ்வளவு இருந்தது?" என்பது.

எஞ்சின் கத்துகிறது, வேகம் கூடவில்லை என்றால்

எஞ்சினில் வலு இருக்கிறது, சக்கரத்துக்குப் போகவில்லை என்று அர்த்தம். கிளச் தட்டு தேய்ந்து வழுக்குகிறது. கூடவே ஒரு கருகல் வாடையும் வரும்.

வேறு சில அறிகுறிகள்

நீலப் புகை வந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். ரிங் தேய்ந்தால் அமுக்கமும் குறையும். வாகனம் ஓடி நின்றதும் ஒரு சக்கரம் மட்டும் மிகச் சூடாக இருந்தால், அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெப்பமானி முள் சிவப்பை நோக்கி ஏறினால் உடனே ஓரமாக நிறுத்த வேண்டும். ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், தண்ணீர் கசிந்திருக்கலாம்.

உயரத்துக்கும் பங்கு உண்டா?

உண்டு. மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறையும். கண்டியில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ 94 சதவீதம். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஏறத்தாழ 80 சதவீதம். டேர்போ இல்லாத எஞ்சின் காற்று குறையும் அளவுக்கு வலுவை இழக்கும். ஆனால் இந்த இழப்பு மெதுவாக வருவது, எல்லா வாகனத்துக்கும் பொதுவானது. போன மாதம் ஏறிய அதே மேட்டில் இந்த மாதம் திணறினால், குற்றத்தை உயரத்தின் மேல் போட முடியாது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகன இறக்குமதி 2025இன் தொடக்கத்தில்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் இருந்ததை வைத்தே ஓட்ட வேண்டியிருந்தது. பழைய வாகனத்தைத் திருத்திப் பாதுகாப்பது பல குடும்பங்களுக்கு வாழ்க்கைப் பிரச்சினை. காரணம் தெரியாமல் பாகங்களை மாற்றினால் காசுதான் கரையும்.

அதனால் நல்ல பாஸ் ஓர் ஒழுங்கைப் பின்பற்றுவார். செலவு குறைந்ததை முதலில் பார்ப்பார்: எயார் ஃபில்டர், டீசல் ஃபில்டர், குழாய்கள், பிரேக். ஒன்றைச் சரிசெய்துவிட்டு, அதே மேட்டில், அதே சுமையோடு ஓட்டிப் பார்ப்பார். பிறகுதான் அடுத்தது. இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டு வாகனம் சரியாகிவிட்டால், எது காரணம் என்று யாருக்குத் தெரியும்? ஆய்வுகூடத்தில் விஞ்ஞானிகள் செய்வதும் இதைத்தான். ஒன்றை மட்டும் மாற்று, மற்றதையெல்லாம் அப்படியே வை, நடப்பதை எழுதிக்கொள்.

நீங்களே செய்து பாருங்கள்

வேண்டியவை: ஒரு விளையாட்டு லொறி, 1 மீற்றர் நீளப் பலகை, ரப்பர் பட்டி, அடிக்கோல், சில கூழாங்கற்கள், புத்தகங்கள்.

1. லொறியில் கற்களைப் போட்டு, முன்பக்கத்தில் ரப்பர் பட்டியைக் கட்டுங்கள்.
2. பலகையைத் தரையில் சமமாக வைத்து லொறியை மெதுவாக, ஒரே வேகத்தில் இழுங்கள். பட்டி எவ்வளவு நீள்கிறது என்று அளந்து எழுதுங்கள்.
3. பலகையின் ஒரு முனையைப் புத்தகம் வைத்து 10 சென்ரிமீற்றர் உயர்த்தி மறுபடி அளந்து பாருங்கள். பிறகு 20, பிறகு 30.
4. உயரத்தை 10 சென்ரிமீற்றரிலேயே வைத்துக் கற்களை இரட்டிப்பாக்கிப் பாருங்கள்.
5. மறுபடி பழைய சுமைக்கே வந்து, ஒரு சக்கரம் சுற்றாதபடி நூலால் கட்டி இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்ட பிரேக் என்ன செய்யும் என்று புரியும்.

ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முடிவுகளை அட்டவணையாக எழுதி உங்கள் விஞ்ஞான ஆசிரியரிடம் காட்டுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை

சூடான எஞ்சினின் ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். கொதிநீர் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும். மூடிய கராஜுக்குள் எஞ்சின் ஓடும்போது நிற்காதீர்கள். புகையில் நிறமும் மணமும் இல்லாத காபன் மொனொக்சைட்டு என்ற நச்சு வாயு இருக்கிறது. மற்றபடி தாராளமாகப் பாருங்கள், கேளுங்கள். அப்பாவோ மாமாவோ ஓட்டும் வாகனம் மேட்டில் திணறினால் புகையின் நிறத்தையும் எஞ்சினின் சத்தத்தையும் கவனித்துச் சொல்லுங்கள். அந்தச் சின்னத் தகவலே பாஸின் பாதி வேலையை முடித்துவிடும்.

வீட்டில் யாராவது பழைய வாகனம் வாங்கப் போனால் நீங்களும் ஒரு யோசனை சொல்லலாம்: சமதரையில் மட்டும் ஓட்டிப் பார்த்துக் காசைக் கொடுக்க வேண்டாம். சுமையை ஏற்றி, ஒரு நல்ல மேட்டில் ஏற்றிப் பார்த்த பிறகு வாங்கச் சொல்லுங்கள்.