கேட்டுச் சுரக்கும் சுரப்பி

மூக்கின் வேரிலிருந்து நேர் பின்னோக்கிப் போனால், மண்டையோட்டின் நட்டநடுவில் எலும்பே குழிந்து ஒரு சிறு இருக்கையாக அமைந்திருக்கிறது. மூளையின் அடியிலிருந்து மெல்லிய காம்பில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி அந்தக் குழிக்குள் அமர்ந்திருக்கிறது. அகலம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். எடை ஏறத்தாழ அரை கிராம். பிள்ளை வளர்வதும், பெண் பூப்பெய்துவதும், தாய்க்குப் பால் சுரப்பதும், காய்ச்சலிலும் விபத்திலும் உடல் தாக்குப்பிடிப்பதும், குடித்த தண்ணீரில் எவ்வளவை வைத்துக்கொண்டு எவ்வளவைச் சிறுநீராக விடுவது என்பதும் இந்த அரை கிராமின் பொறுப்பு. உடலில் எந்த உறுப்பைப் பார்த்துக் கைகூப்புவது என்று கேட்டால், இதயத்துக்கும் முன்னால் இதைத்தான் காட்டுவேன்.

இதைத் தலைமைச் சுரப்பி என்பார்கள். தலைமை என்றதும் ஆணையிடுவதே நினைவுக்கு வரும். இதன் பெருமையோ கேட்டு நடப்பதில் இருக்கிறது. பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. மழைக்காலத்தில் மதகுப் பொறுப்பில் இருப்பவர் அளவுகோலிலிருந்து கண்ணெடுப்பதில்லை. நீர்மட்டத்தைப் பார்த்தே ஷட்டரை ஏற்றுவார், இறக்குவார். பிட்யூட்டரியும் ரத்தத்தை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. தைராய்டு ஹார்மோன் இம்மி குறைந்தாலும் டி.எஸ்.எச். என்ற தூதுப்பொருளைக் கூடுதலாக அனுப்பித் தைராய்டை எழுப்புகிறது. போதுமான அளவு வந்ததும் தானே அடங்கிவிடுகிறது. இப்படிக் காக்கப்படும் அளவு எவ்வளவு தெரியுமா? வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 மைக்ரோகிராம் தைராக்சின் போதும். 70 ஆண்டுக்கும் கூட்டிப் பார்த்தால் இரண்டரை கிராம். ஒரு மனிதரின் வாழ்நாள் சுறுசுறுப்பு அந்த இரண்டரை கிராமில் அடங்கியிருக்கிறது.

பிட்யூட்டரிக்கும் மேலே ஒருவர் உண்டு. மூளையின் ஹைபோதலாமஸ் பகுதி, பசியையும் பயத்தையும் உறக்கத்தையும் குளிரையும் உணர்ந்து, நுண்ணிய ரத்தக்குழாய்கள் வழியே பிட்யூட்டரிக்குச் செய்தி சொல்கிறது. அந்தச் செய்திப் பொருள்களைப் பிரித்தெடுக்க ரோஜர் கீமன் ஆட்டு மூளைகளையும், ஆண்ட்ரூ ஷாலி பன்றி மூளைகளையும் லட்சக்கணக்கில் சேகரித்து ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். கையில் கிடைத்ததோ சில மில்லிகிராம். ரத்தத்தில் மிதக்கும் அணுப்போன்ற அளவுகளையும் அளந்துவிடும் முறையை ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் உருவாக்கி, அதற்குக் காப்புரிமை வேண்டாம் என்று உலகுக்கே விட்டுக்கொடுத்தார்கள். 1977இல் கீமன், ஷாலி, யாலோ மூவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பெர்சன் அதற்குள் காலமாகிவிட்டார். இன்று அம்பத்தூரில் தெருமுனை ஆய்வகம்கூட ஹார்மோன் அளவைச் சொல்கிறது என்றால் அவர்கள் போட்ட பாதைதான் காரணம்.

ஹார்மோன் நோயைக் கண்டறியும் முறையும் இந்த அமைப்பை ஒட்டியதே. வெறும் அளவு மட்டும் போதாது. சுரப்பி சொன்னால் கேட்கிறதா என்று மருத்துவர் சோதித்துப் பார்க்கிறார். மோதிரம் இறுகி, செருப்பு அளவு கூடி, தாடை நீண்டுவரும் ஒருவருக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுப்பார்கள். சீரான உடலில் வளர்ச்சி ஹார்மோன் தணியும். பிட்யூட்டரியில் கட்டி இருந்தால் தணியாது. முகம் வட்டமாகி, வயிற்றில் அகன்ற சிவந்த கோடுகள் விழுந்தவருக்கு இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை. காலை 8 மணிக்கு ரத்தம். அட்ரினல் சுரப்பிகள் தரும் கார்ட்டிசால் ஹார்மோன் அடங்கியிருந்தால் நலம். அடங்காவிட்டால், எங்கோ ஒரு சுரப்பி கேட்பதை நிறுத்திவிட்டது என்று பொருள்.

சோதனையில் நேரமும் முக்கியம். கார்ட்டிசால் விடியலில் உயர்ந்து நள்ளிரவில் அடங்கும். கதிரவனோடு உடலைப் பொருத்திவைத்த அந்த ஏற்பாட்டை நினைத்தால் மெய்சிலிர்க்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் இரவு ஷிப்ட் முடித்து வரும் ஆயிரக்கணக்கானோருக்கு இந்த ஓட்டம் மாறியிருக்கும். அதனால் சோதனைக்கு ரத்தம் கொடுக்கும்போது, தாம் எந்த ஷிப்டில் வேலை செய்கிறோம், எப்போது தூங்குகிறோம் என்பதை மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும்.

பிட்யூட்டரியின் கேட்கும் குணம் சில நேரம் நமக்கே ஆபத்தாகிவிடும். மூட்டுவலிக்கும் வீசிங்குக்கும் தோல் அரிப்புக்கும், பெயர் தெரியாத பொட்டல மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவோர் நம் பக்கத்தில் ஏராளம். அவற்றில் பலவும் கார்ட்டிசாலைப் போல வேலை செய்யும் ஸ்டீராய்டு. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வருவதைப் பிட்யூட்டரி உணர்ந்து தன் ஏவலை நிறுத்திக்கொள்கிறது. ஏவுவார் இல்லாத அட்ரினல் சுரப்பிகள் மெல்லச் சுருங்கிவிடுகின்றன. முகம் உப்பிவிட்டது என்று ஒருநாள் திடீரென்று மாத்திரையை நிறுத்தினால், வாந்தி, மயக்கம், ரத்த அழுத்த வீழ்ச்சி, சில வேளை உயிரே போகும் நிலை. மருத்துவர் படிப்படியாகக் குறைத்தால் அதே சுரப்பி உறக்கம் கலைந்து மீண்டும் வேலைக்கு வருகிறது. நாம் செய்த தவற்றையும் பொறுத்து எழும் கருணை அதற்கு இருக்கிறது.

பிட்யூட்டரிக்கு நேர் மேலே இரு கண் நரம்புகளும் குறுக்கிட்டுச் செல்கின்றன. கட்டி மேல்நோக்கி வளர்ந்தால் பார்வையின் இரு ஓரங்களும் மறையத் தொடங்கும். நேரே தெரிவது தெளிவாகவே இருக்கும். பக்கவாட்டில் வரும் வண்டி தெரியாது. கண்ணாடியை மாற்றியும் தீராத இந்தக் குறைக்கு எம்.ஆர்.ஐ. விடை சொல்லும். பால் சுரப்பு ஹார்மோனைக் கூட்டும் கட்டி என்றால், பெரும்பாலும் வாரம் ஓரிரு முறை கேபர்கோலின் மாத்திரையிலேயே சுருங்கிவிடுகிறது. மற்றவற்றில் பலவற்றை, தலையைத் திறக்காமல், மூக்கு வழியே கருவி செலுத்தி எடுக்கிறார்கள். படைப்பே விட்டுவைத்த வாசல் அது. 1950இல் மருத்துவர் பி. ராமமூர்த்தி நரம்பு அறுவை சிகிச்சையைத் தொடங்கிய சென்னை பொது மருத்துவமனை, ஆவடி மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து இறங்கினால் எதிரிலேயே இருக்கிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலையும் அதன் வாசலைத் தொட்டே செல்கிறது.

பிறந்த குழந்தையிடமும் இந்த அமைப்பு பேசுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை உட்பட ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிசுக்களைச் சோதித்தபோது, நாட்டில் ஏறத்தாழ 1,130 குழந்தைகளுக்கு ஒன்று தைராய்டு குறைபாட்டோடு பிறப்பது தெரிந்தது. கார்ட்டிசால் தயாரிக்க இயலாத பிறவி அட்ரினல் குறைபாடு சென்னையில் சுமார் 2,036க்கு ஒன்று. அந்தக் குழந்தையின் பிட்யூட்டரி, கார்ட்டிசால் வரவில்லையே என்று ஏவிக்கொண்டே இருக்கும். அட்ரினல் பெருத்து, ஆண் ஹார்மோனைக் கொட்டும். பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் மரபணுக் குறை இது. சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்களில் வாய்ப்பு கூடுதல். குதிகாலில் எடுக்கும் சில சொட்டு ரத்தம் இரண்டையும் காட்டிக்கொடுக்கும். தைராய்டு மாத்திரையை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் பிள்ளையின் அறிவு வளர்ச்சி காக்கப்படுகிறது.

தாயின் கதை வேறு. கருவுற்ற காலத்தில் பாலூட்டுவதற்கு ஆயத்தமாகப் பிட்யூட்டரி தானே பெருக்கிறது. பிரசவத்தில் பெருமளவு ரத்தம் போனால், பெருத்த அந்தச் சுரப்பிக்கே முதலில் ரத்தம் வற்றுகிறது. 1937இல் ஹரால்ட் ஷீகன் விவரித்த நோய் இது. பால் சுரக்காமல், மாதவிலக்கு திரும்பாமல், ஓயாத அசதியோடு ஆண்டுக்கணக்கில் வாழும் பெண்கள் இன்னும் நம்மிடையே உண்டு. இவர்களுக்கு டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் இயல்பாகவே தோன்றக்கூடும்; கூடவே தைராக்சின் அளவையும் பார்த்தால்தான் உண்மை வெளிப்படும். சிகிச்சையிலும் வரிசை முக்கியம்: கார்ட்டிசால் குறையை முதலில் ஈடுசெய்துவிட்டே தைராய்டு மாத்திரை தர வேண்டும்.

மருத்துவத்தால் இழந்த ஹார்மோனைத் திருப்பித் தர முடிகிறது. கேட்கும் காதைத் தர முடிவதில்லை. அதனால் நோயாளியே அந்தக் காதாகிறார். காலையில் கூடுதலாகவும் பிற்பகலில் குறைவாகவும் ஹைட்ரோகார்ட்டிசோன் எடுக்கிறார். காய்ச்சல் வந்தால் மருத்துவர் சொன்னபடி இரட்டிப்பாக்குகிறார். ஆரோக்கியமான உடலில் இவ்வளவும் நாம் கேளாமலே நடக்கிறது. அதற்கான நன்றியை விழிப்பாகச் செலுத்துவதே முறை. பிறந்த குழந்தைக்குக் குதிகால் ரத்தச் சோதனை செய்தார்களா என்று மருத்துவமனையில் கேளுங்கள். பிரசவத்தில் அதிக ரத்தம் இழந்த தாய் நெடுநாள் சோர்ந்திருந்தால் ஹார்மோன் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாகத் தொடங்காதீர்கள். நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள்.