மருமகள் மேல் பழி வேண்டாம், ரத்தம் சோதிப்போம்



நீலகிரியில் இருளர், பணியர், குறும்பர் குடும்பங்களில் சில பிள்ளைகளுக்கு அடிக்கடி கை கால் வலி, வீக்கம், காய்ச்சல், கண் மஞ்சள் வருகிறது. "காத்து கருப்பு பட்டிருக்கு", "மருமக வந்த நேரம்" என்று பேசுவதை கூட்டங்களில் கேட்கிறோம். அது அரிவாள் செல் ரத்தசோகையாக இருக்கலாம்.

இது என்ன?
உருண்டையான சிவப்பணு அரிவாள் போல வளைந்து சின்ன ரத்தக்குழாயை அடைக்கும். அதுதான் வலி. சீக்கிரம் உடைந்தும் போகும். அதனால் சோகை.

எப்படி வருது?
இது ஒட்டுநோய் இல்லை. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் இந்தக் குறை வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் 'கடத்துபவர்'. பெரும்பாலும் நல்லாத்தான் இருப்பார். கடத்துபவர் இருவர் கல்யாணம் செய்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு. அப்புறம் தாயை மட்டும் குறை சொல்வது என்ன நியாயம்?

நாம் செய்ய வேண்டியது
* 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் 40 வயது வரை உள்ளவர்களுக்கு சோதனை உண்டு. கிராம செவிலியரிடம் கேளுங்க.
* கல்யாணம் பேசும் முன் பெண், பையன் இருவரும் சோதிக்கணும்.
* நோய் இருந்தால் டாக்டர் தரும் மாத்திரையை நிறுத்தக்கூடாது. தண்ணீர் நிறைய குடிக்கணும். காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரி.
* 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இந்த நோயும் உண்டு. சான்றிதழுக்கு மனு கொடுங்க.

ஒரு பெண் 'கடத்துபவர்' என்று தெரிந்தால் ஊரெல்லாம் பேசாதீங்க. அவள் கல்யாணம் நிற்க வேண்டியதில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பேசி, தீர்மான நோட்டில் எழுதுவோம்.