படகு ஏற ஆசையா? முதலில் கடலிடம் நாள் கேளுங்கள்!

புதுக்கடை:

கொரோனாவுக்குப் பயந்து வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த ஜனங்களுக்கு, பூட்டு திறந்ததும் முதலில் வந்த ஆசை என்ன தெரியுமா? கடல்!

புதுக்கடை சந்திப்பில் தேங்காப்பட்டணம் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பார்த்தால் அது புரியும். பிள்ளைகுட்டிகளோடு, தூக்குப் பாத்திரத்தோடு, மாற்றுத் துணிப் பையோடு நிற்கிறார்கள். கரையில் நின்று கால் நனைத்து வந்த காலம் போய், "ஒரு வள்ளத்துல ஏறி ஒரு சுத்து சுத்திட்டு வரணும்" என்ற ஆசை இப்போது வேர் பிடித்துவிட்டது. ஆசையில் தப்பில்லை. எந்த மாதம், எந்தப் படகு, எந்த நேரம் என்று பார்க்காமல் ஏறுவதுதான் ஆளைக் கொல்கிறது.

மூடிய கடல்

அந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2020 மார்ச் 25-ந் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகுகள் துறையிலேயே கட்டிக் கிடந்தன. சூரிய உதயம் பார்க்க ஆள் இல்லை. சங்கு, பாசி மணி விற்கிற கடைகளில் தூசிதான் விற்பனைக்கு இருந்தது. களியக்காவிளை சோதனைச் சாவடியைத் தாண்ட 'பாஸ்' வேண்டும். பக்கத்து மாவட்டத்துக்குப் போகவே 'இ-பாஸ்' வேண்டும். அந்த இ-பாஸ் தொல்லை தமிழ்நாட்டுக்குள் ஒழிந்தது 2020 செப்டம்பர் 1-ந் தேதியில்.

மீன்பிடித் தொழிலுக்கு மட்டும் ஏப்ரல் 10-ந் தேதி மத்திய அரசு விலக்கு கொடுத்தது. கொடுத்து என்ன பயன்? சந்தை இல்லை, ஐஸ் இல்லை, லாரி இல்லை. வழக்கமாக 61 நாள் நீடிக்கும் மீன்பிடித் தடைக் காலத்தை அந்த ஒரு வருஷம் 47 நாளாகக் குறைத்தார்கள். இதில் நம் மாவட்டத்துக்கு ஒரு வேடிக்கை உண்டு. சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கடற்கரைத் தடை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணத்துக்கு மேற்குக் கடற்கரைத் தடை. ஒரே கலெக்டர், இரண்டு கடல்!

ஈரானுக்கு மீன்பிடி வேலைக்குப் போன நம் மாவட்டத்துக்காரர்கள் ஊர் திரும்ப வழியில்லாமல் தவித்த கதை தனிச் சோகம். கடைசியில் கடற்படையின் 'ஜலஷ்வா' கப்பல் பந்தர் அப்பாஸ் துறைமுகத்துக்குப் போய் 687 பேரை ஏற்றிக்கொண்டு 2020 ஜூலை 1-ந் தேதி தூத்துக்குடி வந்து சேர்ந்தது. அந்தக் கப்பலில் வந்தவர்களுக்குக் கடல் பயணம் என்றால் உல்லாசம் அல்ல; உயிர் தப்பல்.

பாய்மரப் படகில் உலகம் சுற்றும் வெள்ளைக்காரர்களுக்கும் அப்போது இதே கதிதான். பல துறைமுகங்கள் உள்ளே விடவில்லை. நங்கூரம் போட்ட இடத்திலேயே வாரக் கணக்கில் கிடந்தார்கள். பணம் இருந்தும் கரை இல்லை!

கட்டு அவிழ்ந்தது

2020 டிசம்பரில் கடற்கரைகள் திறந்தன. 2021-ல் இரண்டாவது அலை வந்து மறுபடியும் பூட்டியது. 2022 மார்ச் கடைசியோடு மத்திய அரசின் கட்டுப்பாடுகள் ஏறத்தாழ முடிந்தன. அதன் பிறகு கேட்கவா வேண்டும்? இரண்டு வருஷம் அடக்கி வைத்த ஆசை அணை உடைந்த வெள்ளமாகக் கிளம்பியது.

படகோ குறைவு. கூட்டமோ அதிகம். அங்கேதான் ஆரம்பித்தது வினை.

"நம்ம சேக்காளிக்க வள்ளம் ஒண்ணு இருக்கு மக்கா, நாலு பேரு போயிட்டு வந்திருவோம்" என்று பேச்சு கிளம்பும். நாலு பேர் பத்துப் பேர் ஆவார்கள். பத்துப் பேரோடு மச்சினிச்சியும் அவள் பிள்ளைகளும் சேர்வார்கள். வள்ளக்காரரும் தாட்சணியத்துக்குத் தலையாட்டுவார். இப்படி ஏறியவர்கள் எல்லாரும் திரும்பி வரவில்லை என்பதுதான் நாம் படித்த பாடம்.

2011 டிசம்பர் 25-ந் தேதி, கிறிஸ்துமஸ் விடுமுறை. பழவேற்காட்டில் மீன்பிடிப் படகில் உல்லாசமாகப் போனவர்களில் 22 பேர் மூழ்கிச் செத்தார்கள். 2017 பிப்ரவரி 26-ந் தேதி, நமக்கு எட்டிய தூரத்திலேயே, தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிய மீன்பிடிப் படகு கவிழ்ந்து குறைந்தது 9 பேர் பலி. இரண்டும் கொரோனாவுக்கு முன்னால் நடந்தவை. கட்டு அவிழ்ந்த பிறகு, 2023 மே 7-ந் தேதி, கேரளத்தில் தானூரிலும் அதே கொடுமை நடந்தது. பொழுது சாய்ந்த பிறகு புறப்பட்ட படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். அவர்களில் பச்சைக் குழந்தைகள் பலர். அந்தப் படகு பழைய மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றியது!

ஏன் கவிழ்கிறது?

"மீன்காரங்க தினமும் போறாங்களே, அவங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி.

மீன்பிடி வள்ளத்தில் பாரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வலை, ஐஸ், மீன் எல்லாம் அடியில் கிடக்கும். பாரம் கீழே இருந்தால் வள்ளம் எவ்வளவு ஆடினாலும் நிமிரும். அதே வள்ளத்தில் இருபது பேரை நிறுத்தினால் பாரம் மேலே ஏறிவிடுகிறது. மேல் தட்டு கட்டி அதிலும் ஆளை ஏற்றினால் கேட்கவே வேண்டாம். போதாக்குறைக்கு, யாராவது ஒருவர் "அதோ பாரு மீன் துள்ளுது!" என்று கத்தியதும் மொத்தக் கூட்டமும் ஒரே பக்கம் சாயும், படம் எடுக்க! 2009 செப்டம்பர் 30-ந் தேதி தேக்கடி ஏரியில் 45 உயிர்களைக் காவு கொண்ட விபத்திலும், பயணிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அது அலையே இல்லாத ஏரி என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மீனவர் அப்படிச் சாய மாட்டார். எந்த அலைக்கு எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று அவர் உடம்புக்கே தெரியும். உங்களுக்கும் எனக்கும் தெரியாது.

சட்டமும் இதற்கு இடம் கொடுக்கவில்லை. மீன்பிடிக்கப் பதிவு செய்த படகு மீன் பிடிக்கத்தான். ஆளுக்கு இவ்வளவு என்று காசு வாங்கி ஏற்றினால் குற்றம். விபத்து நடந்தால் படகுக்காரர் குடும்பமும் சேர்ந்து தெருவில் நிற்கும். ஆகவே தெரிந்தவரிடம் போய், "அண்ணே, ஒரு ரவுண்டு" என்று கேட்டு அவரைச் சங்கடத்தில் மாட்டாதீர்கள்.

காற்றைக் கேட்டவர்கள்

மோட்டார் வருவதற்கு முன் நம் கரைக்காரர்கள் கட்டுமரத்தில் பாய் விரித்துப் போனவர்கள். அவர்கள் போட்ட திட்டத்துக்கு மேல் ஒரு திட்டம் கிடையாது. விடியலுக்கு முன் கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்றில் பாய் கட்டிக் கிளம்புவார்கள். வெயில் ஏறியதும் காற்று திரும்பிக் கடலிலிருந்து கரையை நோக்கி வீசும். அதே பாய் அவர்களைக் கரை சேர்க்கும். தரை சீக்கிரம் சூடாகி சீக்கிரம் ஆறுகிறது, கடல் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறுகிறது. காற்று திரும்பும் ரகசியம் அவ்வளவுதான். கச்சான் என்றால் மேல்காற்று, கொண்டல் என்றால் கீழ்காற்று, வாடை என்றால் வடகாற்று. பெயரைச் சொன்னாலே எந்த மாதம், கடல் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுவார்கள்.

அந்தக் கணக்கு இன்றும் மாறவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையைப் போட்டு அடிக்கும். முப்பந்தலில் காற்றாலைகள் சுழன்று தள்ளுவதும் அந்த மாதங்களில்தான். அப்போது கடலில் உலா என்பது பைத்தியக்காரத்தனம். அக்டோபர், நவம்பரில் புயல் பயம். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி என்ன செய்தது என்று தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடியில் கேட்டால் சொல்வார்கள். மிச்சம் இருப்பது ஜனவரியில் இருந்து மார்ச் வரை. கடல் கொஞ்சம் மனம் இரங்கும் காலம் அது. அதிலும் காலை வேளை.

கள்ளக்கடல்!

காற்றே இல்லை, வானம் பளிச்சென்று இருக்கிறது, கடல் குளம் போல் கிடக்கிறது. திடீரென்று பெரிய அலைகள் எழும்பிக் கரையை விழுங்கும். இதற்கு நம் மீனவர்கள் வைத்த பெயர்தான் கள்ளக்கடல். திருடன் மாதிரி சொல்லாமல் வருகிறதே! இந்தப் பெயரை 2012-ல் யுனெஸ்கோவும் ஏற்றுக்கொண்டது. தெற்கே வெகு தூரத்தில், இந்துமாக் கடலின் அடி எல்லையில் வீசும் புயல்கள் கிளப்பிவிடும் அலைகள், நாட்கணக்கில் பயணம் செய்து நம் கரையைத் தொடுகின்றன. இங்கே அறிகுறி எதுவும் தெரியாது.

2024 மே மாதம் 6-ந் தேதி, கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவ, மாணவியரை அலை இழுத்துப் போனது. அதையொட்டி நம் தேங்காப்பட்டணத்திலும் ஒரு சிறுமியைக் கடல் கொண்டுபோனது. எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் கள்ளக்கடல் எச்சரிக்கையை முன்கூட்டியே விடுகிறது. டீக்கடையில் சினிமா செய்தி பார்க்கும் செல்போனில் அதையும் ஒரு தடவை பார்த்தால் என்ன?

தேங்காப்பட்டணம் துறைமுக வாயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழித்துறை ஆறு கடலில் விழும் இடம். மணல் மேடு சேரும், அலை மடங்கி அடிக்கும். தொழில் தெரிந்த மீனவர்களே அங்கே பலர் செத்திருக்கிறார்கள். அலைத்தடுப்புச் சுவரை நீட்டச் சொல்லி அவர்கள் போராடிய கதை நம் ஊருக்குப் புதிதல்ல. அந்த வாயில் வழியாக விருந்தாளிகளை வள்ளத்தில் ஏற்றிப் போக நினைப்பவருக்கு என்ன சொல்ல!

அப்படியானால் எங்கே போவது?

கன்னியாகுமரியில் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகள் இருக்கின்றன. மிதவைச் சட்டை தருகிறார்கள். தரும்போது "புழுக்கமா இருக்கு" என்று கழற்றித் தோளில் போடாமல் நாடாவை இழுத்துக் கட்டுங்கள். கடல் நீர்மட்டம் தாழ்ந்தாலோ அலை மிஞ்சினாலோ படகை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் கவுண்டரில் சண்டை போட வேண்டாம். முன்பெல்லாம் திருவள்ளுவர் சிலைப் பாறையில் படகு ஒட்ட முடியாமல் பல நாள் ஏமாந்து திரும்பினோம். 2024 டிசம்பர் 30-ந் தேதி திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் அந்தக் குறையைத் தீர்த்தது. விவேகானந்தர் பாறையில் இறங்கி நடந்தே போகலாம்.

நிஜமாகவே கரையோரமாகக் கடலில் போக ஆசைப்பட்டால் வட்டக்கோட்டை உலா இருக்கிறது. 2023 மே மாதம் தொடங்கிய சொகுசுப் படகு சவாரி. திருவிதாங்கூர் ராஜா காலத்துக் கோட்டையைக் கடலில் இருந்து பார்ப்பது தனி அழகுதான். ஆனால் எல்லா நாளும் ஓடும் என்று நம்பிப் பிள்ளைகளைக் கிளப்பிவிடாதீர்கள். முதல் நாளே விசாரியுங்கள். புதுக்கடையில் இருந்து இரண்டு பஸ் மாறிப் போய், 'இன்று படகு இல்லை' பலகையைப் பார்த்து, ஆளுக்கொரு ஐஸ்கிரீம் சாப்பிட்டுத் திரும்பிய குடும்பங்கள் ஏராளம்.

பாய்மரத்தில்தான் போவேன் என்று ஒரு பிள்ளை அடம்பிடித்தால் தடுக்காதீர்கள்; முறையாகக் கற்கச் சொல்லுங்கள். புதுச்சேரிப் பெண் ரூபா, கடற்படை அதிகாரி. கேரளத்தைச் சேர்ந்த தில்னாவோடு சேர்ந்து 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2-ந் தேதி கோவாவில் கிளம்பி உலகைச் சுற்றி 2025 மே 29-ந் தேதி அதே கோவாவுக்குத் திரும்பினார். வழியில் 4 துறைமுகங்களில் மட்டும் நின்றார்கள். எட்டு மாதக் கடலுக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட பயிற்சி வருடக் கணக்கு!

அலையே வேண்டாம் என்பவர்களுக்கு, பக்கத்தில் கேரளத்துப் பூவாறில் காயல் சவாரி ஓடுகிறது. நம் ஜனங்கள் அங்கே போய்க் காசு கொடுத்துப் படகு ஏறுகிறார்கள். அந்தப் பூவாறில் இருந்து நம் பக்கம் வருகிற ஏ.வி.எம். கால்வாய், அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய், 1860-ல் தொடங்கியது. படகுப் போக்குவரத்துக்கென்றே வெட்டியது. பூவாறு முதல் இரையுமன்துறை வரை 11 கிலோமீட்டரை 2016-ம் வருஷச் சட்டம் 13-வது தேசிய நீர்வழியாக அறிவித்திருக்கிறது. அறிவித்தது காகிதத்தில், கால்வாயிலோ பல இடங்களில் ஆகாயத்தாமரை, மணல், ஆக்கிரமிப்பு. தூர் வாரினால் புதுக்கடைக்காரர் படகு ஏறக் கன்னியாகுமரி வரை போக வேண்டியதில்லை. இரையுமன்துறையிலேயே ஏறலாம்.