குடுவைச் செடி வாடுகிறதா? உரத்தை நிறுத்துங்கள்!

நர்சரியிலும் இணையத்திலும் வாங்கி வீட்டு வாசலில் தொங்கவிடும் அழகுச் செடிகளில் இப்போது குடுவைச் செடியும் சேர்ந்துவிட்டது. பள்ளிப் புத்தகத்தில் 'நெப்பந்தஸ்' என்று படித்த அதே பூச்சியுண்ணும் தாவரம்தான். வாங்கி வரும்போது ஐந்தாறு குடுவைகள் தொங்கும். சில மாதங்களில் அவை ஒவ்வொன்றாகக் காயும், புதிதாக ஒன்றும் வராது, இலை நுனி கருகும். உடனே நாம் ஒரு பிடி மண்புழு உரம் போடுவோம், கொஞ்சம் பஞ்சகவ்யம் ஊற்றுவோம். மற்ற செடிகளைத் தேற்றும் இந்தக் கவனிப்புதான் குடுவைச் செடியைக் கொல்கிறது.

சத்தில்லா மண்ணே சொந்த மண்

இந்தச் செடி இயற்கையாக வளரும் இடங்களில் மண்ணில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகக் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்டவே அது பூச்சி பிடிக்கிறது. இலை நுனியிலிருந்து நீளும் பற்றுக்கம்பியின் முனை குடுவையாக மாறுகிறது. குடுவையின் விளிம்பில் சுரக்கும் தேனுக்கு வரும் எறும்பும் ஈயும் வழுக்கி உள்ளே விழும். அங்குள்ள நீரில் இருக்கும் நொதிகள் அவற்றைச் செரிக்கும்.

ஆக, சத்தை வாங்கும் வேலை குடுவைக்கு. வேருக்கு முக்கியமாக நீர் எடுப்பதும் செடியைப் பிடித்து நிறுத்துவதும்தான். உப்பையும் உரத்தையும் தாங்கும் வலு இந்த வேருக்கு இல்லை. மண்ணில் உரம் சேர்ந்தால் வேர் கருகும். தப்பிப் பிழைத்தாலும் செடி இலையை மட்டும் பெருக்கும், குடுவை விடாது.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

செடி நலிந்தால் முதல் சந்தேகம் தண்ணீர் மீதுதான் வர வேண்டும். குடிநீரில் கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். குடுவைச் செடிக்கு 50 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. மின்கடத்துதிறன் கணக்கில் இது சுமார் 0.08 டெசிசீமன்ஸ். நாம் குடிக்கும் நல்ல தண்ணீரே இதற்கு உப்புத் தண்ணீர் என்றால், ஆழ்துளைக் கிணற்று நீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றினாலும் உப்பு போகாது. நீர் ஆவியாகிப் போக, மிச்சத்தில் உப்பு இன்னும் கூடும்.

மழைநீரே சிறந்தது. முதல் மழையில் கூரை கழுவப்பட்ட பிறகு, பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து, கொசு புகாமல் வலை கட்டி மூடி வையுங்கள். நாளுக்கு அரை லிட்டர் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும், 50 லிட்டர் டிரம் ஒரு செடிக்கு 100 நாள் காணும். மழைநீர் தீர்ந்தால் ஆர்.ஓ. நீர் ஊற்றலாம். ஆனால் சுவைக்காகத் தாது உப்பைத் திரும்பச் சேர்க்கும் இயந்திரங்களும் உண்டு. எனவே டி.டி.எஸ். மீட்டரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதுவரை உப்பு நீர் ஊற்றியிருந்தால், உவர் நிலத்தில் நல்ல நீரைக் கட்டி உப்பை வடிப்பது போலவே இங்கும் செய்ய வேண்டும். தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு மழைநீரை மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியாக முழுவதும் வடிய விடுங்கள். உரம் போட்டிருந்தால் கழுவுவது மட்டும் போதாது. மண்ணையே மாற்ற வேண்டும்.

மண் மாற்றும் முறை

தோட்டத்து மண், செம்மண், தொழு உரம் எதுவும் வேண்டாம். ஸ்பேக்னம் பாசியும் பெர்லைட்டும் பாதிப் பாதி கலந்தால் போதும். பாசிக்குப் பதிலாகத் தென்னை நார்க்கழிவையும் பயன்படுத்தலாம். ஆனால் அதில் இயல்பாகவே உப்பு உண்டு. ஊற வைத்து, பிழிந்து, நீரை மாற்றி நான்கைந்து முறை அலசுங்கள். கடைசி அலசலை மழைநீரில் செய்யுங்கள். யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் சேர்த்து மட்க வைத்த நார்க்கழிவு உரம் வயலுக்கு நல்லது, இந்தச் செடிக்கு ஆகாது.

பழைய மண்ணிலிருந்து எடுக்கும்போது வேர் கறுப்பாகத் தெரியும். அழுகிவிட்டதென்று வெட்டிவிடாதீர்கள். இதன் வேரின் இயற்கை நிறமே கறுப்புதான். தொட்டால் கொழகொழவென்று நசுங்கும் வேர் மட்டுமே அழுகியது. வேர் எளிதில் ஒடியும் என்பதால், ஒட்டியுள்ள மண்ணைப் பிய்க்காமல் மழைநீரில் அலசி எடுங்கள். சிமெண்ட் தொட்டியிலிருந்து சுண்ணாம்பு கசியும் என்பதால் பிளாஸ்டிக் தொட்டியே ஏற்றது. அடியில் நீர் தேங்கும் தட்டு வேண்டாம். கலவை எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், சொதசொதவென்று இருக்கக் கூடாது.

வெளிச்சமும் ஈரக்காற்றும்

இலை பச்சையாகச் செழித்தும் குடுவை வரவில்லையா? பெரும்பாலும் வெளிச்சக் குறைவுதான் காரணம். வரவேற்பறை மூலையில் இது தேறாது. காலை இளவெயில் படும் இடத்தில், அல்லது 50 சதவீத நிழல்வலைக்கு அடியில் வையுங்கள். கோடையின் உச்சி வெயில் இலையைச் சுட்டுவிடும்.

பற்றுக்கம்பியின் முனையில் குடுவை மொட்டு தோன்றிய பிறகு கருகினால், காற்றில் ஈரம் போதவில்லை என்று பொருள். ஏ.சி. அறையும் மின்விசிறிக்கு நேர் கீழும் இதற்குப் பகை. மற்ற செடிகளுக்கு நடுவே வைத்து, காலையில் மழைநீரைத் தெளியுங்கள். இலையடியில் மாவுப்பூச்சி இருந்தால் ஈரப் பஞ்சால் துடைத்து எடுங்கள்.

இரை போடலாமா?

வெளியே தொங்கும் செடிக்கு நீங்கள் ஊட்டத் தேவையில்லை. எறும்பு தானே வந்து விழும். இறைச்சித் துண்டு, சோறு, பால் எதையும் குடுவையில் போடாதீர்கள். அழுகி நாறும், குடுவையும் கெடும். உள்ளிருக்கும் நீரைக் கொட்டிவிடவும் கூடாது. வரும் வழியில் சிந்தியிருந்தால் கால் பங்கு மழைநீர் ஊற்றுங்கள். வீட்டுக் கொசுவை ஒழிக்கும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்.

தேறுவது எப்படித் தெரியும்?

ஒரு குடுவையின் ஆயுளே சில மாதங்கள்தான். பழையது மேலிருந்து கீழாகக் காய்வது நோயல்ல. காய்ந்த குடுவையை மட்டும் நறுக்கிவிட்டுப் பச்சை இலையை விட்டு வையுங்கள். கருகிய இலை மீண்டும் பச்சையாகாது, அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். கவனிக்க வேண்டியது நுனிக் குருத்தை. புதிய இலை முந்தையதைவிடச் சிறுக்காமல் விரிந்தால் செடி பிழைத்துவிட்டது. குடுவைக்கு மேலும் இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். நுனி பட்டுப்போனாலும் தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் அடியிலிருந்து புதுக் கிளை வர வாய்ப்புண்டு.

வாங்கும்போது கவனம்

சமவெளியில் வளர்ப்போர், பிலிப்பைன்ஸ் நாட்டின் இரு இனங்கள் கலந்து உருவான 'வென்ட்ராட்டா' போன்ற கலப்பு ரகங்களைக் கேட்டு வாங்குங்கள். உயர்ந்த மலைகளின் இனங்கள் இரவுக் குளிரைக் கேட்பவை. அமெரிக்காவின் கரோலினா பகுதியைச் சேர்ந்த வீனஸ் பூச்சிப்பொறிக்கும் உரமில்லா மண், உப்பில்லா நீர் என்ற விதி பொருந்தும். ஆனால் அதற்குக் குளிர்கால உறக்கம் தேவை என்பதால் நம் சமவெளியில் நிலைப்பது கடினம்.

இந்தியாவின் சொந்தக் குடுவைச் செடி மேகாலயாவில் வளரும் 'நெப்பந்தஸ் காசியானா'. அழகுக்காகக் காட்டிலிருந்து தோண்டப்பட்டதும் அது அருகிப்போன காரணங்களில் ஒன்று. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம்பெற்ற தாவரம் அது. அதன் பன்னாட்டு வணிகத்துக்கும் கடும் தடை உண்டு. எனவே காட்டுச் செடி என்று சொல்லி யார் விற்றாலும் வாங்காதீர்கள். நர்சரியில் பெருக்கிய செடிதானா என்று கேட்டு, ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுச் செடி இப்போது வாடிக்கொண்டிருந்தால், அடுத்த மழைக்கு ஒரு டிரம்மைத் தயாராக வையுங்கள். அதுவரை உரக் கரண்டி அதன் பக்கம் போக வேண்டாம்.