ஊருக்குப் போகும் வழியில் ஒரு நீர்வீழ்ச்சி

பெருநாள் நெருங்கிவிட்டால் கொழும்பில் வாழும் கிழக்கிலங்கைக் குடும்பங்கள் பல ஊருக்குப் புறப்பட ஆயத்தமாகின்றன. அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனை என ஊர் எதுவானாலும், இரத்தினபுரி, வெல்லவாய ஊடாகச் செல்லும் ஏ4 வீதி அதற்கு ஒரு வழி. மட்டக்களப்பு வரை நீளும் இவ்வீதி 400 கிலோமீற்றருக்கும் அதிகம். சாமான் கட்டுவது முதல் வாந்தி எடுக்கும் பிள்ளையைத் தாங்குவது வரை பயணத்தின் பாரமெல்லாம் உங்கள் மீதுதான். உங்களுக்கும் சற்றுக் கண்குளிர்ச்சி வேண்டாமா, சகோதரிகளே?

இலங்கையின் மிக உயரமான நீர்வீழ்ச்சி இவ்வழியில்தான் இருக்கிறது. பலாங்கொடையைத் தாண்டி, களுபஹனவில் பிரதான வீதியை விட்டுத் திரும்பி, ஒடுங்கிய மலைப்பாதையில் ஏறினால் 263 மீற்றர் உயரமான பம்பரகந்த. பெரகலைச் சந்தியையும் கொஸ்லந்தையையும் கடந்தால் 220 மீற்றர் உயரமான தியலும. இதனை வீதியில் நின்றபடியே பார்க்கலாம். கைக்குழந்தையோ, முழங்கால் வலியுள்ள மாமியோ உடன் வந்தால் தியலுமவே போதும். ஒரே நாளில் இரண்டுக்கும் ஆசைப்பட வேண்டாம்.

பெருநாள் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாட்கள் முந்தி வருவதால், பயணத்தின் பருவமும் மாறிக்கொண்டே போகிறது. வரட்சியில் நூலாக மெலிந்து நிற்கும் அருவி, மழைக்காலத்தில் இரைந்து விழும். பார்க்க அழகுதான், ஆபத்தும் அப்போதுதான். கொஸ்லந்தை, மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29இல் மலை சரிந்து தோட்ட லயன்களை மூடியதை மறக்க முடியுமா? மழை நாட்களில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைக் கேட்டறிந்த பிறகே வாகனத்தில் ஏறுங்கள்.

கீழே வெயில் அடித்தாலும் மேலே மலையில் மழை பெய்யலாம். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், அந்தக் கணமே பிள்ளைகளைக் கரையேற்றுங்கள். பாசி படிந்த கல்லில் கால் வைக்க விடாதீர்கள். நனைந்த அபாயா காலைச் சுற்றிக்கொள்ளும். ஆகவே நீங்களும் ஆழத்தில் இறங்க வேண்டாம். தியலுமவின் உச்சித் தடாகங்கள் குடும்பத்தோடு போகும் இடமல்ல.

நேரமும் முக்கியம். சுபஹ் தொழுத கையோடு புறப்படுங்கள். சோற்றுப் பார்சலை வாழையிலையில் கட்டிக்கொண்டால் கடை தேடி அலைய வேண்டியதில்லை. குப்பையை மட்டும் மறக்காமல் பையில் போட்டு எடுத்து வாருங்கள். பயணிகளுக்கு லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழும் சலுகை இருக்கிறது. தொழுது, உண்டு, பகல் இரண்டு மணிக்குள் அருவியை விட்டுக் கிளம்பிவிடுங்கள். ஏனெனில் மொனராகலையையும் சியம்பலாண்டுவையையும் தாண்டினால் லாகுகலைக் காடு. பொழுது சாய்ந்தால் அங்கே யானைகள் வீதிக்கு வரும். "இன்னும் கொஞ்சம் நேரம் உம்மா" என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். இளகிவிடாதீர்கள்.

வழியில் தங்கப்போவதை ஊருக்கு முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். பிந்துவதன் காரணம் தெரிந்தால், வாசலில் காத்திருக்கும் பெரியவர்களின் மனம் பதறாது. அருவியைக் கண்ட கதையைப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் சொல்ல, அதைக் கேட்பதும் அவர்களுக்கு ஒரு பெருநாள்தானே!