சிக்னலில் எஞ்சின் நிற்கிறது... ஏசி மட்டும் ஓடுகிறதே!

"டாக்டர், போன மாசம்தான் ஹைப்ரிட் கார் வாங்கினோம். சிக்னல்ல நின்னா எஞ்சின் தானா ஆஃப் ஆயிடுது. ஆனா ஏசி மட்டும் ஜில்லுன்னு ஓடிக்கிட்டே இருக்கு. பெட்ரோல் செலவே இல்லாம ஓசியில கிடைக்கிற குளிர்ச்சி! அதான் 18-லயே வெச்சுடறேன்..."

மூக்கடைப்பு, நெற்றி வலி, காலையில் எழுந்ததும் வரிசையாகப் பத்துப் பதினைந்து தும்மல் என்று வந்த ஒரு பாங்க் அதிகாரி இப்படிச் சொன்னார். பக்கத்து நாற்காலியில் அவருடைய அம்மா, சித்திரை மாதத்தில் கம்பளிச் சால்வையோடு! "தம்பி, நீங்களாவது இவனுக்குச் சொல்லுங்க. வெளியில அனல், உள்ளே ஊட்டி. இறங்கும்போது முட்டி ரெண்டும் பிடிச்சுக்குது" என்றார்.

சித்த வைத்தியனுக்கும் காருக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கலாம். தினமும் இரண்டு, மூன்று மணி நேரம் காருக்குள்ளேயே இருக்கிறவர்கள் இன்று எத்தனையோ பேர். அந்தச் சின்ன அறையின் காற்று எப்படிப்பட்டது என்று தெரியாமல் மூக்குக்கு மருந்து கொடுப்பது எப்படி?

முதலில் இந்த 'ஓசி' விஷயத்தைப் பார்த்துவிடுவோம்.

சாதாரண காரில் ஏசி கம்ப்ரசரை எஞ்சின்தான் பெல்ட் மூலம் சுற்றுகிறது. எஞ்சின் நின்றால் கம்ப்ரசரும் நின்றுவிடும். 1997-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ்கூட ஆரம்பத்தில் அப்படித்தான். 2003-ல் வந்த அதன் இரண்டாம் தலைமுறைக் காரில்தான் கம்ப்ரசரை மின்சாரத்தில் ஓட்டினார்கள். நம் வீட்டு இன்வெர்ட்டர் ஏசி மாதிரி, தேவைக்குத் தகுந்தபடி வேகம் கூடும், குறையும். இன்று நம் ஊரில் ஓடும் முழு ஹைப்ரிட் கார்களும் இந்த வழியில்தான். (மைல்டு ஹைப்ரிட் என்று விற்கிறார்களே, அது வேறு. அதில் பெரும்பாலும் சிக்னலில் எஞ்சின் நின்றால் மின்விசிறி மட்டும்தான் சுற்றும்.)

அப்படியென்றால் அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? பேட்டரியிலிருந்து. பேட்டரிக்கு? பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். மற்றதெல்லாம் பெட்ரோல் எரிந்து வந்ததுதான்!

வீட்டு மின்சாரக் கணக்கிலேயே சொல்கிறேன். சில ஹைப்ரிட் கார்களின் பேட்டரியில் மொத்தமே முக்கால் யூனிட் அளவு மின்சாரம்தான் அடங்கும். அதையும் முழுசாகக் காலி செய்ய விடாது கார். பேட்டரி கெடாமலிருக்க ஒரு பகுதியை எப்போதும் மிச்சம் வைத்திருக்கும். கொளுத்தும் வெயிலில் கம்ப்ரசர் ஒரு கிலோவாட்டுக்கு மேல் இழுத்தால், கால் மணி நேரம் தாங்குவதே பெரிய காரியம். அதனால்தான் நீண்ட சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் திடீரென்று தானே கிளம்புகிறது. கார் ரிப்பேர் என்று பயப்பட வேண்டாம். உங்கள் ஏசிக்காகத்தான் அது உழைக்கிறது.

கடும் வெயிலில், அதிலும் சின்னச் சின்னப் பயணங்களில், சாதாரண காரின் மைலேஜ் ஏசியால் 25 சதவீதத்துக்கும் மேல் குறையலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. ஹைப்ரிட் காரில் இந்தச் சதவீதம் இன்னும் கூடலாம் என்றும் சொல்கிறது. ஆச்சரியமாக இருக்கிறதா? 200 ரூபாய் ஹோட்டல் பில்லில் 20 ரூபாய் காபி பெரிதாகத் தெரியாது. 60 ரூபாய் பில்லில் அதே காபி பளிச்சென்று தெரியும். ஹைப்ரிட் குறைவாகக் குடிக்கிற கார். அதனால் ஏசியின் பங்கு அதில் பெரிசாகத் தெரிகிறது.

வெயிலில் நிறுத்திய கார்

பூட்டிய காருக்குள் வெப்பம் ஏறும் வேகம் பலருக்குத் தெரிவதில்லை. 2005-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக டாக்டர்கள் அளந்து பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் உள்ளே சராசரியாக 22 டிகிரி கூடியது. அதில் பெரும்பகுதி முதல் அரை மணிக்குள்ளேயே! கண்ணாடியை விரற்கடை இறக்கி வைத்தும் பெரிய பிரயோஜனம் இல்லை. "அஞ்சே நிமிஷம், பால் வாங்கிட்டு வந்துடறேன்" என்று குழந்தையைக் காரில் விட்டுவிட்டுப் போகும் தாய்மார்கள் இதைத் தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள்.

காரில் ஏறியதும் நான்கு கண்ணாடிகளையும் இறக்கி, ஒன்றிரண்டு நிமிடம் ஓட்டுங்கள். அனல் காற்று சும்மாவே வெளியேறிவிடும். பிறகு ஏசி போட்டால் கம்ப்ரசருக்குப் பாதி வேலை மிச்சம். நிழலில் நிறுத்துவது, முன்கண்ணாடிக்குத் தடுப்பு வைப்பது இரண்டும் பைசா செலவில்லாத சிக்கனம். நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் கண்ணாடியைத் திறந்துவைக்க வேண்டாம். காற்று இழுத்துப் பிடிப்பதால் எரிபொருள் வீணாகும். அங்கே ஏசியே மேல்.

எத்தனை டிகிரி? வீட்டு ஏசி போட்டதும் 24-ல் தொடங்க வேண்டும் என்று 2020-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. காருக்கும் 24, 25 போதும். வெளியே 40, உள்ளே 18 என்றால் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் உடம்பு 22 டிகிரி தாண்டிக் குதிக்கிறது. வியர்த்த உடம்பில் திடீரென்று குளிர் பட்டால் கபம் பெருகும், வாதம் சேரும் என்பது எங்கள் வைத்தியக் கணக்கு. பீனிசக்காரர்களும் மூட்டு வலிக்காரர்களும் கோடையில் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஏசிக் காற்று முகத்திலும் முழங்காலிலும் நேராக அடிக்காமல் மேலே திருப்பி வையுங்கள். அந்தப் பாட்டியம்மாவுக்கு நான் முதலில் சொன்ன வைத்தியமே அதுதான்!

வீட்டுக்கு வந்ததும் மூக்கடைத்தால் நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கலாம். (குழந்தைகளுக்குக் கொதிநீர்ப் பாத்திரம் வேண்டாம், கொட்டிக்கொள்ளும்.) ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுப்பவர்கள் அதை நிறுத்தவே கூடாது.

உள்காற்றையே சுற்ற விடும் பட்டன் இருக்கிறதே, அது சிக்கனம்தான். குளிர்ந்த காற்றையே மறுபடி குளிர்விப்பதால் வேலை குறைவு. ஆனால் ஐந்து பேர் மூச்சுவிட்ட காற்றிலேயே இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் கரியமில வாயு கூடி, தலை கனத்து, ஓட்டுகிறவருக்குத் தூக்கம் சொக்கும். அரை மணிக்கொரு முறை சில நிமிடமாவது வெளிக்காற்றை விடுங்கள்.

இன்னொன்று. அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கு என்று சித்த மருத்துவம் சொல்கிறது. அதில் நீர்வேட்கையும் உண்டு, சிறுநீரும் உண்டு. ஏசி காரில் வியர்வை தெரியாது, தாகமும் தெரியாது. சென்னையிலிருந்து மதுரைவரை பெண்கள் பலர் வழியில் இடம் சரியில்லை என்று தண்ணீரே குடிக்காமல் வருகிறார்கள். மறுநாள் நீர்க்கடுப்பு! கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே வாருங்கள். இரண்டு மணிக்கொரு முறை வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்.

சில மாடல்களில் பின் சீட்டுப் பக்கமோ, முன் சீட்டின் கீழோ சல்லடை போல ஒரு திறப்பு இருக்கும். பேட்டரிக்கும் அந்தக் குளிர்காற்றுதான். தலையணை, போர்வை போட்டு அடைத்துவிடாதீர்கள்.

உயிருக்கு ஆபத்து

"சத்தமே இல்லை, எஞ்சின் ஓடலை. ஷெட்ல காரை விட்டுட்டு ஏசியில ஒரு தூக்கம் போடறேன்" என்று ஓர் இளைஞர் என்னிடம் சாதாரணமாகச் சொன்னார். தூக்கிவாரிப் போட்டது எனக்கு.

பேட்டரி இறங்கியதும் எஞ்சின் தானே கிளம்பும் என்று பார்த்தோமல்லவா? மூடிய ஷெட்டில் அந்தப் புகை எங்கே போகும்? அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைப் போல 200 மடங்குக்கும் மேல் பலமாகப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு. தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. இதற்குக் கஷாயமும் கிடையாது, சூரணமும் கிடையாது. உடனே ஷெட்டைத் திறந்து, ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 108-ஐ அழைக்க வேண்டும். ஆக்சிஜன்தான் மருந்து.

சாவி இல்லாமல் பட்டனில் ஓடும் கார்களில் இன்னொரு வம்பு: சத்தம் இல்லாததால், அணைத்துவிட்டோம் என்று நினைத்து இறங்கிவிடுவார்கள். வீட்டுக்கு அடியிலேயே ஷெட் இருந்தால் எஞ்சின் புகை படுக்கையறைவரை ஏறலாம். பட்டனை அழுத்திய பிறகு, முன்னால் எரியும் 'ரெடி' என்ற எழுத்து அணைந்துவிட்டதா என்று பார்த்த பிறகே கதவைத் திறந்து இறங்குங்கள்.