உங்களுக்குத் தெரியுமா? குழாய்த் தண்ணீரும் குளோரினும்

● அமெரிக்காவில் ஒரு நகரம் முழுமைக்குமான குடிநீரில் தொடர்ந்து குளோரின் கலக்கும் வழக்கம் 1908-இல் ஜெர்சி நகரில் தொடங்கியது. டைபாய்டு ஊர் ஊராக உயிர்களை வாரிக்கொண்டு போன காலம் அது. குளோரின் பரவப் பரவ அந்தச் சாவுகள் குறைந்தன.

● 1974-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் குடிநீர் நிலையத்தில் பணியாற்றிய வேதியியலாளர் யோஹன்னஸ் ரூக், சுத்திகரித்த நீரில் குளோரோஃபார்ம் இருப்பதைக் கண்டார். எந்த ஆலையும் அதை ஆற்றில் கொட்டவில்லை. சுத்திகரிக்கும்போதே அது உருவாகியிருந்தது!

● ஏரியிலும் ஆற்றிலும் இலைதழை மக்கிக் கரைந்த பொருள்கள் இருக்கும். அவற்றோடு குளோரின் வினைபுரியும்போது டிரைஹாலோமீத்தேன் என்னும் சேர்மங்கள் பிறக்கின்றன. குளோரோஃபார்ம் இக்குடும்பத்தைச் சேர்ந்தது. நீரில் புரோமைடு உப்பு இருந்தால் புரோமின் கலந்த வகைகளும் உண்டாகும்.

● கிருமிநீக்கத்தின்போது உருவாகும் துணைப்பொருள்களில் இதுவரை 700-க்கும் மேற்பட்டவை அடையாளம் காணப்பட்டுள்ளன. சட்டப்படி வரம்பு விதிக்கப்பட்டவை மிகச் சிலவே.

● டிரைஹாலோமீத்தேன்கள் அதிகமுள்ள நீரைப் பல்லாண்டுகள் பயன்படுத்தியவர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இவைதாம் காரணம் என்று இன்னும் உறுதியாகவில்லை. ஆனாலும் குளோரோஃபார்ம், ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை’ பட்டியலில் இருக்கிறது.

● குடிப்பதால் மட்டும் இவை உடலுக்குள் போவதில்லை. குளோரோஃபார்ம் எளிதில் ஆவியாகும். காற்றோட்டமில்லாத குளியலறையில் வெந்நீர் ஷவரில் குளிக்கும்போது மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே செல்லும்.

● அமெரிக்காவில் நான்கு வகை டிரைஹாலோமீத்தேன்கள் சேர்ந்து ஒரு லிட்டருக்கு 80 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. இந்தியக் குடிநீர்த் தரம் ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு வைத்திருக்கிறது. குளோரோஃபார்முக்கு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்.

● குளோரினுக்கு மாற்றான கிருமிநாசினிகளிலும் எச்சரிக்கை தேவை. புரோமைடு உள்ள நீரில் ஓசோன் செலுத்தினால் புரோமேட் என்னும் தீங்கான துணைப்பொருள் உண்டாகிறது. துணைப்பொருள்களைக் குறைப்பதற்காக 2000-இல் வாஷிங்டன் நகரம் குளோரினை விட்டுக் குளோரமைனுக்கு மாறியது. நீரின் வேதியியல் மாறி, பழைய குழாய்களின் ஈயம் வீட்டுக் குடிநீரில் கரைந்து வந்தது.

● இந்தத் துணைப்பொருள்களுக்காகக் குளோரினைக் கைவிடலாமா? கூடவே கூடாது. துணைப்பொருள்களைக் குறைக்கப்போய்க் கிருமிநீக்கத்தில் சமரசம் செய்யக்கூடாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அசுத்த நீரால் பரவும் காலரா சில மணி நேரத்திலேயே உயிரைப் பறிக்கக்கூடும்.

● சரியான வழி, குளோரினுக்கு முன்பே கரிமப் பொருள்களை நீக்குவது. படிகாரம் போட்டு வண்டலைப் படியவைத்து, வடிகட்டி, அதன்பின் அளவோடு குளோரின் சேர்க்க வேண்டும். வீட்டுத் தொட்டியிலும் வண்டலைக் கழுவி அகற்றிய பிறகே பிளீச்சிங் பவுடர் போடுங்கள். குடிநீரைத் திறந்த பாத்திரத்தில் சில நிமிடங்கள் கொதிக்க விட்டால் கிருமிகள் சாகும், குளோரோஃபார்மும் பெருமளவு வெளியேறிவிடும்.